ஏர்போர்ட் லவுஞ்சில் குழந்தைகளை விடலாமா? 2 ரூபாய் ஸ்வைப்புக்குப் பின்னால் இருக்கிற கணக்கு



லவுஞ்ச் பத்தி வீடியோ போட்டா எப்பவும் "எந்த கார்டுல எத்தனை விசிட்" என்பதோட பேச்சு முடிஞ்சிடும். கல்யாணம் ஆகி, கையில் ஒரு குழந்தையும் வந்த பிறகு கேள்வி மாறிடுது. "எனக்கு கார்டு இருக்கு, சரி. என் 4 வயசுப் பையனை உள்ளே விடுவாங்களா? விட்டா காசு கேப்பாங்களா?" இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம், "நிம்மதியா உட்காரத்தானே லவுஞ்சுக்கு வர்றோம், அங்கேயும் குழந்தைங்க ஓடிப் பிடிச்சு விளையாடினா எப்படி?"ன்னு இன்னொரு கூட்டம்.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா இதை வெறும் ஒழுக்கப் பிரச்சனையா மட்டும் பார்த்தா விவாதம் முடியவே முடியாது. ஒரு சி.ஏ.வா நான் முதல்ல கேட்கிற கேள்வி வேற: அந்த நாற்காலிக்கு யார் காசு கொடுக்கறாங்க? இதுக்கு பதில் தெரிஞ்சா பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

லவுஞ்ச் யாருக்காக வந்தது?

விமான நிலைய லவுஞ்ச்னு ஒண்ணு தொடங்கினது 1939-ல. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் 'அட்மிரல்ஸ் கிளப்' திறந்தாங்க. முக்கியப் புள்ளிகளுக்கு அழைப்பு வெச்சு உட்கார வைக்கிற இடம் அது. பிறகு காசு கட்டி உறுப்பினர் ஆகலாம்னு வந்தது. 1992-ல 'பிரையாரிட்டி பாஸ்' வந்த பிறகு, எந்த ஏர்லைன்ஸ்ல போனாலும் ஒரே கார்டை வெச்சு பல லவுஞ்சுக்குள்ள நுழையலாம்னு ஆச்சு.

இந்தியாவுல நடந்தது இதுக்கு அடுத்த கட்டம். கிரெடிட் கார்டு, ஏன், டெபிட் கார்டு இருந்தாலே லவுஞ்ச்னு பேங்க்குங்க போட்டி போட்டுக் கொடுத்தாங்க. முக்கியப் புள்ளிக்குன்னு இருந்த அறை, முதல் சம்பளம் வாங்கின பையனுக்கும் திறந்தது. நல்ல விஷயம்தான். ஆனா அமைதியை விக்கிற இடமா இருந்தது, சாப்பாடு கிடைக்கிற இடமா மாறிடுச்சு. இன்னைக்கு காலை 6 மணிக்கு ஒரு பெரிய ஏர்போர்ட் லவுஞ்ச் வாசல்ல நிக்கற வரிசையைப் பார்த்தீங்கன்னா, உள்ளே அமைதி இருக்கும்னு யாரும் நம்ப மாட்டாங்க. அதுக்குக் காரணம் குழந்தைங்க இல்லை.

2 ரூபாய்க்குப் பின்னால் என்ன நடக்குது?

கவுன்டர்ல உங்க கார்டை ஸ்வைப் பண்ணும்போது பெரும்பாலும் 2 ரூபாய்தான் எடுப்பாங்க. அது லவுஞ்சோட விலை இல்லை. கார்டு உயிரோட இருக்கா, உங்களுக்குத் தகுதி இருக்கான்னு சரிபார்க்கிற தொகை. நிஜமான விலையை ஒவ்வொரு தலைக்கும் லவுஞ்ச் நடத்தறவங்க தனியா பில் போடுவாங்க. அந்த பில் கார்டு நெட்வொர்க்குக்கோ பேங்க்குக்கோ போகும். நடுவுல ஒரு இடைத்தரகு நிறுவனமும் இருக்கலாம்.

இந்த இடைத்தரகு வேலை எவ்வளவு பெரிய தொழில்னா, அதையே பிரதானமா வெச்சு நடந்த ட்ரீம்ஃபோக்ஸ் நிறுவனம் 2022 செப்டம்பர்ல பங்குச்சந்தையில் பட்டியலாச்சு. 2025 செப்டம்பர்ல அதே நிறுவனம் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்திடுச்சு. லவுஞ்ச் நடத்தறவங்களும் பேங்க்குங்களும் நேரடியா ஒப்பந்தம் போட ஆரம்பிச்சா நடுவுல இருக்கறவங்களுக்கு வேலை குறையும், அவ்வளவுதான்.

நமக்கு இதுல இருந்து புரிய வேண்டியது ஒண்ணு. நீங்க 2 ரூபாய்க்கு உள்ளே போகலை. உங்க பேர்ல ஒருத்தர் சில நூறு ரூபாய், சில இடத்துல ஆயிரத்துக்கு மேலேயும் கட்டறாங்க. அந்தப் பணம் உங்க கார்டோட வருடக் கட்டணத்துல இருந்தும், நீங்க கடையில் தேய்க்கும்போது கடைக்காரர் கொடுக்கற கமிஷன்ல இருந்தும், பில்லை முழுசா கட்டாதவங்க கொடுக்கற வட்டியில இருந்தும் வருது.

அப்போ குழந்தை எந்தக் கணக்குல வரும்?

இங்கேதான் சிக்கல். கார்டு உங்க பேர்ல இருக்கு. ஒப்பந்தம் உங்களுக்கும் பேங்க்குக்கும். அதுல உங்களுக்குக் கிடைக்கிற உரிமை ஒரு ஆளுக்கு ஒரு விசிட். மனைவிக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கலாம். சில கார்டுல ஆட்-ஆனுக்கும் லவுஞ்ச் உண்டு. குழந்தைக்கு? பெரும்பாலான பேங்க்ல 18 வயசு ஆகாம ஆட்-ஆன் கார்டு கிடையாது. அதனால கார்டு வழியா பெரும்பாலான குழந்தைங்க தங்களோட சொந்த உரிமையில் லவுஞ்சுக்குள்ள வர முடியாது. குழந்தை பெரும்பாலும் 'கெஸ்ட்' தான்.

கெஸ்ட்டுக்கு யார் கட்டறது? இதை முடிவு பண்றது பேங்க் மட்டும் இல்லை. மூணு இடத்துல விதி இருக்கு:

1. பேங்க்: உங்க கார்டுல கெஸ்ட் விசிட் இலவசமா, காசா?
2. நெட்வொர்க் அல்லது லவுஞ்ச் திட்டம்: விசா, மாஸ்டர்கார்டு, ரூபே, டைனர்ஸ், பிரையாரிட்டி பாஸ். கெஸ்ட்டுக்கு என்ன தொகை?
3. லவுஞ்ச் நடத்தறவங்க: எந்த வயசு வரைக்கும் இலவசம், எந்த வயசுக்கு அரைக் கட்டணம், எப்போ முழுக் கட்டணம்?

மூணாவதுதான் பலரும் பார்க்காம விடறது. பொதுவா 2 வயசுக்குக் கீழே இருக்கற கைக்குழந்தைக்குக் காசு கேக்க மாட்டாங்க. விமான டிக்கெட்லயும் 2 வயசுதான் கோடு. அதுக்கு மேல தனி சீட்டு, தனி டிக்கெட். 2 வயசுக்கு மேல 12 வயசு வரைக்கும் ஒரு லவுஞ்ச்ல அரைக் கட்டணம், இன்னொண்ணுல முழுக் கட்டணம். "கஸ்டமர் கேர்ல கேட்டேன், ஃப்ரீன்னு சொன்னாங்க"ன்னு கவுன்டர்ல வாதாடறதுல பிரயோஜனம் இல்லாம போறது இதனாலதான். பேங்க் சொன்னது பேங்க்கோட விதி. கதவுல நிக்கறது வேற நிறுவனம்.

தடை போட்டவங்க, விலை போட்டவங்க

"குழந்தைங்களே வேண்டாம்"னு சொல்றது ஒரு வழி. விமானத்துக்குள்ள இதை சிலர் செஞ்சு பார்த்திருக்காங்க. இண்டிகோ 2016-ல சில வரிசைகளை 'அமைதிப் பகுதி'ன்னு ஒதுக்கி, 12 வயசுக்குக் கீழே இருக்கறவங்களுக்கு அங்கே சீட் இல்லைன்னு சொன்னாங்க. சிங்கப்பூரோட ஸ்கூட் விமானத்துலயும் 12 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும்னு ஒரு பகுதி உண்டு. 2023-ல கோரண்டன் ஏர்லைன்ஸ், ஆம்ஸ்டர்டாம்ல இருந்து குராசோ போற விமானத்துல 16 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும்னு ஒரு பகுதியை அறிவிச்சு, அதுக்கு 45 யூரோ கூடுதலா வெச்சாங்க.

கவனிச்சீங்களா? இவங்க யாரும் குழந்தைகளை விமானத்தை விட்டு இறக்கலை. அமைதி வேணும்னா அதுக்குன்னு ஒரு பகுதியைப் பிரிச்சுக் கொடுத்தாங்க.

லவுஞ்ச்ல பெரும்பாலும் நடந்தது விலை போடற வழி. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன்னோட சென்சூரியன் லவுஞ்சுகளில், அமெரிக்க பிளாட்டினம் கார்டுக்கு 2023 பிப்ரவரி 1 முதல் கெஸ்ட் கட்டணம் கொண்டுவந்தாங்க. பெரியவங்களுக்கு 50 டாலர், 2 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் 30 டாலர். வருஷத்துக்கு 75,000 டாலர் அந்தக் கார்டுல செலவு பண்ணினா விலக்கு. கேபிடல் ஒன் நிறுவனமும் வென்ச்சர் எக்ஸ் கார்டுக்கு 2026 பிப்ரவரி 1 முதல் கெஸ்ட்டுக்கு 45 டாலர், 17 வயசு வரைக்கும் 25 டாலர்னு வெச்சிருக்காங்க. 2 வயசுக்குக் கீழே இலவசம்.

அதாவது, "குழந்தை வரலாமா?"ங்கற கேள்விக்கு தொழில் நடத்தறவங்க சொல்ற பதில்: "வரட்டும், சீட்டுக்குக் காசு கொடுங்க." இந்தியாவிலும் அதே திசைதான்.

ஒரு குடும்பத்தோட கணக்கு

இப்போ நம்ம பாக்கெட்டுக்கு வருவோம். அப்பா, அம்மா, 4 வயசுக் குழந்தை. சென்னையில் இருந்து டெல்லி போய்த் திரும்பறாங்க. லவுஞ்ச்ல நேரடிக் கட்டணம் பெரியவருக்கு ₹1,200, குழந்தைக்குப் பாதி ₹600னு உதாரணத்துக்கு வெச்சுக்குவோம். ஏர்போர்ட் கடையில் மூணு பேர் ஒரு வேளை சாப்பிட ₹900னு வைப்போம். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாத்திக்குங்க.

- ஒரே கார்டு இருந்தா: 2 + 1,200 + 600 = ₹1,802. போக வர ₹3,604.
- ரெண்டு பேர்கிட்டயும் கார்டு இருந்தா: 2 + 2 + 600 = ₹604. போக வர ₹1,208.
- லவுஞ்ச் வேண்டாம், கடையில் சாப்பாடு: ₹900. போக வர ₹1,800.

முதல் வரியைப் பாருங்க. "என்கிட்ட ஃப்ரீ லவுஞ்ச் இருக்கு"ன்னு போன குடும்பம், ஏர்போர்ட்லயே விலை அதிகம்னு நாம திட்டற கடையில் சாப்பிட்டதை விட ரெண்டு மடங்கு கட்டியிருக்கு. ரெண்டு கார்டு இருந்தாதான் லவுஞ்ச் லாபம். அதுவும் ரெண்டு கார்டிலும் அந்தக் காலாண்டுல ரெண்டு விசிட் மிச்சம் இருக்கணும்.

நாலாவது வழியும் இருக்கு. மத்திய அரசோட உடான் யாத்ரி கஃபே 2024 டிசம்பர்ல கொல்கத்தாவுல தொடங்கி, 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்துக்கும் வந்துச்சு. டீ ₹10, தண்ணி பாட்டில் ₹10, காபி ₹20, சமோசா ₹20. மூணு சமோசா, ரெண்டு காபி, ஒரு தண்ணி வாங்கினா ₹110. வீட்ல இருந்து இட்லியோ சப்பாத்தியோ டப்பாவுல எடுத்துட்டு வந்தா அதுவும் வேண்டாம். குழந்தைக்கான பாலும் உணவும் பயணத்துக்குத் தேவையான அளவு பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி எடுத்துட்டுப் போக அனுமதி உண்டு.

வெளிநாட்டுப் பயணம்னா இன்னும் கவனம் வேணும். பிரையாரிட்டி பாஸ் வர்ற பல கார்டுல கெஸ்ட் ஒருத்தருக்கு 27 டாலர்ல இருந்து 35 டாலர் வரைக்கும் கட்டணம். 35 டாலர், ஒரு டாலர் ₹85னு வெச்சா ₹2,975. 18% ஜி.எஸ்.டி. சேர்த்தா ஏறக்குறைய ₹3,510. மனைவியும் குழந்தையும் கெஸ்ட்டுன்னா ₹7,020 தாண்டிடும். இதுல மோசமான விஷயம், இந்தத் தொகை கவுன்டர்ல உங்க கண்ணுக்குத் தெரியாது. கார்டைக் காட்டி கையெழுத்துப் போட்டு உள்ளே போயிடுவீங்க. பில் பிறகு ஸ்டேட்மென்ட்ல வரும். ஒரு தட்டு நூடுல்ஸை மூணு வாய் சாப்பிட்டு மிச்சம் வெச்ச குழந்தைக்கு ₹3,510.

இன்னொரு விஷயம். லவுஞ்ச் காசை எல்.டி.ஏ.வுல சேர்க்கலாமான்னு கேக்கறவங்க உண்டு. முடியாது. அந்த வரிவிலக்கு பயண டிக்கெட்டுக்கு மட்டும்தான். சாப்பாடு, தங்கறது, லவுஞ்ச் எதுவும் வராது. புதிய வரித் திட்டத்துல இருக்கீங்கன்னா டிக்கெட்டுக்கும் கிடையாது.

செலவு இலக்குங்கற தூண்டில்

கூட்டம் கூடினதும் பேங்க்குங்க கண்டிஷன் போட ஆரம்பிச்சாங்க. எச்.டி.எஃப்.சி. ரெகாலியா கார்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் ஒரு காலாண்டுல ₹1 லட்சம் செலவு. ஆக்சிஸ் பேங்க் 2024 மே 1 முதல் சில கார்டுகளுக்கு முந்தைய 3 மாசத்துல ₹50,000. ஐ.சி.ஐ.சி.ஐ. பல கார்டுகளுக்கு 2024 ஏப்ரல்ல ₹35,000னு வெச்சு, அதே வருஷம் நவம்பர் 15 முதல் ₹75,000னு ஏத்தினாங்க. இதெல்லாம் அடிக்கடி மாறும், உங்க கார்டோட இப்போதைய விதியை பேங்க் தளத்துல பாருங்க.

குடும்பஸ்தர்கள் இதுல கவனிக்க வேண்டியது காலாண்டு. நமக்கு குழந்தையோட பயணம் பெரும்பாலும் மே மாச லீவு, பொங்கல், தீபாவளி சமயத்துலதான். 'முந்தைய காலாண்டு' விதி உள்ள கார்டுல மே மாசம் லவுஞ்ச் வேணும்னா ஜனவரி முதல் மார்ச் வரை செலவு ஆகியிருக்கணும். பொங்கலுக்குன்னா அக்டோபர் முதல் டிசம்பர். மே மாசம் ஸ்கூல் ஃபீஸ் கட்டிட்டு "இந்த மாசமே ஒரு லட்சம் போட்டேனே"ன்னு வாசல்ல நின்னா வேலைக்கு ஆகாது. வாடகை, வாலட், பெட்ரோல் மாதிரி சில செலவை பல பேங்க் கணக்குலயே எடுத்துக்காது, அதையும் பாருங்க.

இதைவிட முக்கியம்: இலக்கை எட்டணும்னு தேவையில்லாம வாங்காதீங்க. உங்க வழக்கமான செலவு ₹60,000, இலக்கு ₹75,000. மிச்சம் ₹15,000க்கு எதையோ வாங்கறீங்க. ரெண்டு லவுஞ்ச் விசிட்டுக்காக ₹15,000 தேவையில்லாத பொருள். அந்த ₹15,000-ஐ முழுசா கட்ட முடியாம ஒரு மாசம் தள்ளினா, 3.5% வட்டின்னா ₹525, அதுமேல 18% ஜி.எஸ்.டி. ₹94.50. மொத்தம் ₹619.50. கூடவே, பாக்கி வெச்சா புதுசா வாங்கறதுக்கும் வட்டியில்லா நாள் போயிடும். ஒரு மாச வட்டியே குழந்தையோட லவுஞ்ச் கட்டணத்தைத் தாண்டிடுச்சு பாருங்க.

சரி, விடலாமா கூடாதா?

என் கருத்தைச் சொல்லிடறேன். விடணும். ஆனா இலவசமா விடணும்னு கேக்கறது சரியில்லை.

ஏன் விடணும்? லவுஞ்ச் ரொம்பத் தேவைப்படற பயணிகள்ல முதல் இடம் குழந்தையோட வர்றவங்களுக்குத்தான். ராத்திரி 2 மணிக்கு விமானம் தாமதம்னு போர்டுல வந்தா, தனி ஆள் தரையில் பையைத் தலைக்கு வெச்சுப் படுத்துடுவான். தூக்கத்துல அழற குழந்தையை வெச்சுக்கிட்டு ஒரு அம்மா என்ன பண்ணுவாங்க? சுத்தமான பாத்ரூம், சூடான பால், சாய்ஞ்சு உட்கார ஒரு சோபா, இதெல்லாம் அவங்களுக்கு சொகுசு இல்லை. அந்த மாதிரி ராத்திரிக்கு ₹1,802 கொடுத்தாலும் தகும். நான் மேல போட்ட கணக்கு 'எப்பவும் போகாதீங்க'ன்னு சொல்றதுக்கு இல்லை, எதுக்கு எவ்வளவு கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுக்கறதுக்கு.

ஏன் இலவசம் கூடாது? 5 வயசுக் குழந்தையும் ஒரு நாற்காலியில்தான் உட்காரும். அந்த நாற்காலிக்கு வாடகை உண்டு. அந்தக் காசை வாங்காம விட்டா, லவுஞ்ச் நடத்தறவங்க அதை மத்தவங்க விலையிலதான் ஏத்துவாங்க. அதனால கைக்குழந்தைக்கு இலவசம், 12 வயசு வரைக்கும் பாதி, அந்த விலையை வாசல்ல எல்லாரும் படிக்கிற மாதிரி போர்டுல போடறது, இதுதான் நேர்மையான முறை. கவுன்டர்ல வரிசையில் நிக்கும்போது, குழந்தை முன்னாடி "பையனுக்கு எவ்வளவு?"ன்னு பேரம் பேசற சங்கடம் யாருக்கும் வரக்கூடாது.

அமைதி கேக்கறவங்களுக்கும் பதில் சொல்லணும். நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா ஏர்போர்ட் வந்தவர், மறுநாள் இன்டர்வியூவுக்குத் தயார் பண்றவர், அவங்க கேக்கறது தப்பு இல்லை. இடம் இருக்கிற லவுஞ்ச்ல குடும்பங்களுக்கு ஒரு மூலை, பேச்சு இல்லாத ஒரு மூலைன்னு பிரிச்சா ரெண்டு பேருக்கும் வழி கிடைக்கும். அதே சமயம், ஸ்பீக்கர்ல ரீல்ஸ் பார்க்கற, ஆபீஸ் கால்ல உரக்க சண்டை போடற பெரியவங்களுக்கு எந்த வயசு வரம்பு வைப்பீங்க? விதி வயசுக்கு இருக்கறதைவிட சத்தத்துக்கு இருக்கணும். குழந்தை கையில் போன் கொடுத்தா ஹெட்போனும் கொடுங்க. பஃபே பக்கம் தனியா ஓட விடாதீங்க, அங்கே கொதிக்கிற பாத்திரம் இருக்கு. இது மத்தவங்களுக்காக மட்டும் இல்லை, நம்ம குழந்தைக்காகவும்தான்.

கிளம்பறதுக்கு முன்னாடி 5 விஷயம்

1. பேங்க் ஆப்ல இந்தக் காலாண்டுல எத்தனை விசிட் மிச்சம்னு பாருங்க. மனைவி கார்டுலயும் பாருங்க.
2. நீங்க போற டெர்மினல்ல அந்த லவுஞ்ச் இருக்கான்னு உறுதி பண்ணுங்க. சென்னையில் உள்நாட்டு விமானமே ரெண்டு டெர்மினல்ல இருந்து போகுது.
3. லவுஞ்சுக்கே போன் பண்ணி குழந்தையோட வயசைச் சொல்லி கட்டணம் கேளுங்க. பேங்க்கைக் கேக்கறது போதாது.
4. கெஸ்ட் கட்டணம் எவ்வளவு, அது இப்போவே எடுப்பாங்களா, ஸ்டேட்மென்ட்ல வருமான்னு கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க.
5. லவுஞ்ச் நிரம்பி இருந்தா விட மாட்டாங்க. குழந்தைக்கு ஒரு வேளை சாப்பாடு பையில் இருக்கட்டும். தாய்ப்பால் கொடுக்க, டயப்பர் மாத்த, பெரிய ஏர்போர்ட்கள்ல குழந்தை பராமரிப்பு அறை உண்டு. அதுக்கு எந்த கார்டும் வேண்டாம்.

கார்டு வாங்கும்போது 'இலவச லவுஞ்ச்'னு எழுதியிருந்தா அடுத்த கேள்வி "எத்தனை பேருக்கு?"ன்னு இருக்கட்டும். தனி ஆளா இருக்கறப்போ லாபமா இருந்த கார்டு, குடும்பம் வந்த பிறகு நஷ்டமா மாறலாம். வருஷக் கட்டணம் கட்டற மாசத்துல உக்காந்து ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க.

உங்க கார்டோட கெஸ்ட் விதியை எங்கே தேடறதுன்னு ஒரு பேங்க் ஆப்பைத் திறந்தே வீடியோவுல காட்டியிருக்கேன், நேரம் இருந்தா பாருங்க. அடுத்த பதிவுல, ஆட்-ஆன் கார்டு கொடுத்தா பில்லுக்கு யார் பொறுப்புங்கறதைப் பேசுவோம்.